பழைய வண்டியின் கார்புரேட்டர்: பழுதறிதல் பற்றி ஒரு பாடம்

சங்கத்தின் கடன் குழு கூடும் நாளில் பலவகை விண்ணப்பங்கள் வரும். பட்டு நூலுக்கு, சரிகைக்கு, உழவு மாட்டுக்கு, பம்பு செட்டுக்கு, பெண்ணின் படிப்புக்கு எனக் காரணங்கள் பல. அண்மையில் வந்த ஒரு விண்ணப்பம் இவற்றுள் எதிலும் சேராதது. ‘மோட்டார் வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர்கள் வாங்க’ என்று அதில் காரணம் எழுதியிருந்தது.

விண்ணப்பித்தவர் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் நம் உறுப்பினர். வண்டி அவருடைய மகனுடையது. அவ்விளைஞர் தியாகராய நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மோட்டார் பழுதுபார்க்கும் கூடத்தில் வேலை பயின்றவர். பழைய வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு, அவற்றை விரும்புவோர்க்கு விற்றுத் தனியே பிழைக்கலாம் என்பது அவர் எண்ணம். கையிலிருந்த சேமிப்பு முழுவதையும் கொடுத்து முதல் வண்டியை வாங்கினார். அது ஒழுங்காக ஓடவில்லை. கரும்புகை தள்ளிற்று; வேகம் கூட்டினால் திக்கிற்று; நின்ற இடத்தில் அணைந்தது. “கார்புரேட்டர் இரண்டும் போய்விட்டன, வெளிநாட்டிலிருந்து புதியவை தருவித்தால்தான் சரியாகும்” என்று தொழில் தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். தந்தை கடன் கேட்டார். பக்கத்துத் தறிக்காரர் ஜாமீன் கையெழுத்திட்டிருந்தார்.

ஆக, ஒரு வண்டியின் பழுதில் இரு நெசவாளர் குடும்பங்களின் பணம் சிக்கவிருந்தது. விண்ணப்பத்தைத் தள்ளுவது எளிது, ஒப்புவதும் எளிது. இரண்டுக்கும் முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழுது கார்புரேட்டரில்தான் என்பது எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது? தந்தையிடம் இதற்கு விடையில்லை, மகனிடமும் இல்லை. ஆகவே நாம் மூவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகருக்குச் சென்றோம். நம்முள் ஒருவர் மோட்டார்ப் பணிமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அன்று நாம் கற்றதே இப்பாடம்.

வண்டியும் அதன் மரபும்

தியாகராய நகர் நெசவாளருக்கு அயலான இடமன்று. 1920-களில் பழைய மாம்பலம் ஏரியின் நிலத்தில் எழுந்த அப்பகுதி, நெசவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. பனகல் பூங்காவைச் சூழ்ந்த கடைகளில் காஞ்சிப் பட்டு இன்றும் விலையாகிறது. அக்கடைகளின் ஒளிக்குப் பின்னே, சிறு சந்தில், தகரக் கூரையின் கீழ் நின்றது நம் வண்டி.

அது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என வெளிவந்த வண்டியைச் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இங்கே உருவாக்கிற்று. எஞ்சின் 948 கன சென்டிமீட்டர், சிலிண்டர் நான்கு. நம் நாட்டு ஹெரால்டில் ஒரே ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர் இருக்கும். விரைவை நாடியவர்கள் அதைக் கழற்றிவிட்டு எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர்கள் இரண்டைப் பொருத்துவதுண்டு. இந்த வண்டியிலும் அவ்வாறே பொருத்தப்பட்டிருந்தது.

இத்தகைய மாற்றங்களுக்குச் சென்னையில் ஒரு மரபு உண்டு. நகருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் இருக்கிறது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்திற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் அமையும்வரை சோழவரமே விரைவுப் பிரியர்களின் களமாக விளங்கிற்று. வீட்டு உபயோகத்திற்கென்று செய்யப்பட்ட வண்டிகளும் விரைவுக்காக மாற்றப்பட்டு அங்கு ஓடின. நம் இளைஞருக்கு வண்டியை விற்றவரும் ‘சோழவரத்தில் ஓடியது’ என்று சொல்லியே விலை பேசினாராம். சான்று எதுவும் காட்டவில்லை.

விரைவுக்காக மாற்றப்பட்டுக் கைமாறிய வண்டியை வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். வண்டி பழையதானதால் வரும் குற்றங்கள் ஒரு வகை. முன்னிருந்தவர்கள் ‘திருத்தியதால்’ வரும் குற்றங்கள் மற்றொரு வகை. முதல் வகை கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் வகை ஒளிந்து நிற்கும்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். எடைக் கணக்கில், 1 பங்கு பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. முழு வலு வேண்டுமானால் காற்றைச் சற்றுக் குறைத்து 12.5 அல்லது 13 பங்காக வைப்பர். அதற்கும் மேலே பெட்ரோலைக் கூட்டினால் வலு கூடாது, புகைதான் கூடும். மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி, தேய்மானத்தையும் வளர்க்கும். ‘பெரிய ஜெட் போட்டால் பெரிய வேகம்’ என்பது பரவலான தவறு.

இக்கலவையைச் செய்து கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை. காற்று செல்லும் குழாயின் நடுவே ஓர் இடம் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து ஓடும். அங்கே அழுத்தம் குறையும். அக்குறைவு பக்கத்துக் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளை வழியே மேலே இழுக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஒரு மிதவையும் ஊசி வால்வும் காவல் காக்கும்.

எஸ்.யூ. வகையில் அக்குறுகிய இடத்தின் அளவே மாறிக்கொள்ளும். அங்கே ஒரு சிறு பிஸ்டன் உண்டு. எஞ்சின் மிகுதியாக இழுத்தால் அது மேலே எழும். குறைவாக இழுத்தால் கீழே தாழும். அதன் அடியில் தொங்கும் கூர்ந்த ஊசி ஜெட்டுக்குள் ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர் இதை உருவாக்கினர். அவர்களுடைய முதற் கருவிகளில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி இருந்தது. ஒரு தொழிலின் கையறிவு மற்றொரு தொழிலுக்குப் பயன்பட்டதற்கு இது நல்ல சான்று.

பழுதறிய மூன்று விதிகள்

நெய்த துணியில் நீளவாக்கில் கோடு ஓடினால் நாம் பாவையும் விழுதையும் அச்சையும் பார்ப்போம். குறுக்கே பட்டை விழுந்தால் ஊடையையும் அடிப்பையும் பார்ப்போம். தறியையே மாற்றவேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. கடைமடைக்கு நீர் வராவிட்டால் உழவர் ஏரியைத் தோண்டுவதில்லை. மடையிலும் வாய்க்காலிலும் அடைப்பைத் தேடுவர். வண்டிக்கும் இதுவே முறை.

முதல் விதி: கார்புரேட்டரைக் கடைசியில் பார்க்கவேண்டும். முதலில் சிலிண்டரின் அழுத்தம், அடுத்துத் தீப்பொறி, பின்னரே கலவை. தீப்பொறியின் குறை பெரும்பாலும் கலவையின் குறை போலவே தோற்றமளிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் தேய்ந்திருந்தாலும், வால்வு இடைவெளி தவறியிருந்தாலும், கார்புரேட்டரை எத்தனை முறை திருகினும் பயன் இராது.

இரண்டாம் விதி: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று தெரியாமற் போகும்.

மூன்றாம் விதி: மாற்றுமுன் இருந்த நிலையை எழுதி வைக்கவேண்டும். திருகு எத்தனை சுற்றில் இருந்தது என்பது காகிதத்தில் இருந்தால், திரும்பும் வழி நம் கையில் இருக்கும்.

அன்று கண்டவை

அழுத்தமானியை வைத்து நான்கு சிலிண்டர்களையும் சோதித்தோம். அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன. பாயின்ட் இடைவெளியைச் சரிபார்த்தோம், குற்றமில்லை. பின்னர் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, வரிசை பிறழாமல் ஒரு பலகையில் வைத்தோம்.

பாதி விடை அங்கேயே கிடைத்தது. பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. நம் பலகையில் 1, 2 எண் பிளக்குகள் கரியாகவும் 3, 4 எண் பிளக்குகள் வெண்மையாகவும் இருந்தன. முன் கார்புரேட்டர் முதல் இரண்டு சிலிண்டர்களையும், பின் கார்புரேட்டர் அடுத்த இரண்டையும் ஊட்டுவது. ஒரே வண்டியில் ஒன்று மிகுதி, மற்றொன்று குறைவு. இரண்டும் தேய்ந்துபோயின என்பதே உண்மையானால், குற்றம் இரண்டிலும் ஒரே பக்கமாக அன்றோ இருக்கும்?

அடுத்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, பின் கார்புரேட்டர் மேனிபோல்டோடு சேரும் இணைப்பின்மேல் எண்ணெய்க் குப்பியால் சில துளிகள் விட்டோம். எஞ்சினின் ஓசை உடனே மாறிற்று. எண்ணெய் விரிசலை ஒரு நொடி அடைத்ததே காரணம். அங்கே காற்று திருட்டுத்தனமாக நுழைந்துகொண்டிருந்தது. இச்சோதனைக்குச் சிலர் பெட்ரோலையே தெளிப்பர். சூடான எஞ்சின்மேல் அது தீ விபத்துக்கு வழி. எண்ணெயோ சோப்பு நீரோ போதும்.

கழற்றிப் பார்த்தபோது கதை முழுவதும் விளங்கிற்று. யாரோ ஒருவர் நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியதால் இணைப்பு முகம் வளைந்திருந்தது. காஸ்கெட் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. காற்று புகுந்ததால் எஞ்சின் திக்கியிருக்கிறது. காரணத்தைத் தேடாமல், இரண்டு ஜெட்டுகளையும் கீழே இறக்கிப் பெட்ரோலை மிகுத்துக் குறையை மூடியிருக்கிறார்கள். பின்பக்கம் அப்போதும் போதவில்லை. முன்பக்கமோ கரி கக்கத் தொடங்கிற்று. ஒரு தவற்றை மற்றொரு தவற்றால் மூடினால் இரண்டும் நிலைத்துவிடும் என்பதை இங்கே கண்டோம்.

மேலும் ஒரு சிறு குற்றம் இருந்தது. எஸ்.யூ. பிஸ்டனின் மேற்பகுதியில் டாஷ்பாட் எனப்படும் எண்ணெய்க் கிண்ணம் உண்டு. பிஸ்டன் திடீரெனத் துள்ளாமல் காப்பது அதிலுள்ள மெல்லிய எண்ணெய். இரண்டு கிண்ணங்களும் வறண்டு கிடந்தன. வேகத்தைத் திடீரெனக் கூட்டும்போது வண்டி இருமியதற்கு இதுவும் காரணம்.

செப்பனிட்ட முறை

வளைந்த இணைப்பு முகத்தை, தடித்த கண்ணாடிமேல் விரித்த நுண்ணிய உப்புத்தாளில் மெல்லத் தேய்த்துச் சமன் செய்தோம். புதிய காஸ்கெட்டுகள் இட்டு, நட்டுகளை மாறி மாறிச் சீராக முறுக்கினோம். பிஸ்டனைத் தூக்கி விட்டால் அது தடையின்றி விழுந்து ‘டக்’ என்று ஒலிக்கவேண்டும். இரண்டும் அவ்வாறே ஒலித்தன. ஒலிக்காவிட்டால் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைக்கவேண்டுமேயன்றி, பிஸ்டன்மேல் உப்புத்தாள் படவே கூடாது.

பின்னர் ஜெட்டை மேலே முழுதும் ஏற்றி, அங்கிருந்து அதன் ஆறுமுக நட்டை 12 பக்கம், அதாவது 2 முழுச் சுற்று, இறக்கினோம். இவ்வகைக்கு அதுவே தொடக்க நிலை. டாஷ்பாட்டில் எண்ணெய் விட்டோம். எஞ்சின் நன்கு சூடேறியபின், ஒரு ரப்பர்க் குழாயின் முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் காற்றின் இரைச்சலைக் கேட்டோம். இரண்டின் இரைச்சலும் ஒத்து வரும்வரை திராட்டில் திருகுகளைச் சரிசெய்தோம். இரட்டைக் கார்புரேட்டரை ஒத்திசைக்க இதற்கு மேல் விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

கலவையை இறுதியாகச் சோதிக்க, ஒரு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் தூக்கவேண்டும். எஞ்சின் வேகம் ஏறி, ஏறியபடியே நின்றால் பெட்ரோல் மிகுதி. உடனே தாழ்ந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒவ்வொரு முறையும் நட்டின் ஒரு பக்கம் அளவே திருப்பிச் சோதித்தோம். மாலையில் வெங்கட்நாராயணா சாலை வழியே நந்தனம் வரை வண்டியை ஓட்டிப் பார்த்தோம். சிக்னல்களில் அணையவில்லை; கரும்புகையும் இல்லை. செலவு காஸ்கெட்டும் எண்ணெயும் மட்டுமே.

மற்றும் சில குறிகள்

பெட்ரோல் வழிந்து நாறினால் ஊசி வால்வில் தூசியோ தேய்மானமோ இருக்கலாம். அல்லது மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்கும். சுடுநீரில் அமிழ்த்தினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும்.

கரும்புகை வந்தால் முதலில் சோக் கம்பி முழுதும் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். பாதியில் சிக்கிய கம்பிக்காகக் கார்புரேட்டரை மாற்றியவர்கள் உண்டு.

நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் உலர்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கும். சோலெக்ஸ், வெபர் வகை ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர் என்பது பொருள். அத்தகைய துளையைக் கம்பியால் குத்துவது அச்சுப் பல்லை ஆணியால் நெம்புவது போன்றது. கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை.

கோடையில், சூடாக நிறுத்திய வண்டி சிறிது நேரம் கழித்துக் கிளம்ப மறுத்தால், கிண்ணத்திலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ‘திருத்தியவர்கள்’ முதலில் கழற்றி எறிவது அதைத்தான்.

திராட்டில் தண்டு தேய்ந்து ஆடினால், அதுவே உண்மையான தேய்மானம். அப்போதும் உடல் நன்றாக இருப்பின், கடைசல் பட்டறையில் புதிய புஷ் இட்டு மீட்கலாம். உடல் வெடித்திருந்தாலோ திருகு மரை அழிந்திருந்தாலோதான் வேறொன்று தேடவேண்டும். அதையும் புதுப்பேட்டையில் பழையதாக வாங்குவோர், பிஸ்டனையும் அதன் மேற்குமிழையும் ஒரே ஜோடியாக வாங்கவேண்டும். அவை ஒன்றுக்கொன்று அளவாகப் பொருந்தியவை.

இவ்வேலைகள் அனைத்தும் திறந்த வெளியில் நடைபெறவேண்டும். மணல் வாளி அருகில் இருக்கவேண்டும். பீடி, சிகரெட் அணுகக் கூடாது. எரியும் பெட்ரோல்மேல் நீர் ஊற்றினால் அது மிதந்து பரவும்.

உழவருக்கும் இதில் பங்குண்டு

2000-ஆம் ஆண்டையொட்டிப் புதிய கார்களிலும், 2020-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றிலும் கார்புரேட்டர் ஒழிந்து எரிபொருள் ஊசல் முறை வந்துவிட்டது. ஆயினும் பழைய மொபெட்டிலும், விசைத்தெளிப்பானிலும், களைவெட்டும் கருவியிலும் கார்புரேட்டர் இன்றும் பணிபுரிகிறது.

நம் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வரும் எத்தனால் இப்போது பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2022-இல் நாடு 10 விழுக்காட்டை எட்டிற்று. 2025-இல் 20 விழுக்காடு ஆயிற்று. பயிரிடுவோர்க்கு இது நற்செய்தியே. ஆனால் பழைய கருவி வைத்திருப்போர் மூன்றை அறியவேண்டும். எத்தனால் எரிய எடைக்கு 9 பங்கு காற்றே போதும். ஆகவே 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே சரி. பழைய அளவில் வைத்த கார்புரேட்டரில் அது குறைவான கலவையாக எரியும். ஜெட்டைச் சிறிது கூட்டவேண்டிவரும். இரண்டாவதாக, எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மூன்றாவதாக, பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். ஆகவே, பருவம் முடிந்ததும் தெளிப்பானின் எரிபொருளை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துக. ரப்பர்க் குழாய்களை எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றுக.

முடிவுரை

மறு கூட்டத்தில் தந்தை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜாமீன் பத்திரம் பக்கத்துத் தறிக்காரர் கைக்கே திரும்பிற்று. “துணியில் பட்டை விழுந்தால் காரணம் சொல்ல எனக்குத் தெரியும். என் மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, ஐயா” என்றார் அவர். மகன் சில நாட்களுக்குப்பின் தம் பெயரிலேயே உறுப்பினராகி, அழுத்தமானியும் நல்ல கருவிப்பெட்டியும் வாங்கச் சிறு கடன் கேட்டார். குழு மகிழ்ந்து ஒப்பிற்று.

கடன் என்பது உறுப்பினர் அனைவரின் சேமிப்பு. அது பழுதை மெய்ப்பிக்குமுன் பொருளை வாங்கச் செலவாகக் கூடாது. தறியாயினும் பம்பாயினும் வண்டியாயினும், ‘மாற்றவேண்டும்’ என்று எவரேனும் சொன்னால், ‘எதைக் கண்டு சொல்கிறீர்கள்?’ என்று பணிவோடு கேட்போமாக.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. நான்கு பிளக்குகளும் ஒரே நிறமாக இருந்திருந்தால், நம் ஆய்வு எவ்வாறு மாறியிருக்கும்?

2. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்ற விதியை உங்கள் தறியிலோ வயலிலோ கையாண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. பழுது நீக்கக் கேட்கும் கடன் விண்ணப்பத்தோடு எவ்வகைச் சான்று இணைக்கப்படவேண்டும்? உங்கள் சங்கக் கூட்டத்தில் ஆராய்க.